மேலதிகாரி காலியாக இருக்கக் கூடாது

புதிய சர்வர் ஒரே ஒரு ஆளை மட்டும் உள்ளே விட மறுத்தது.

மற்ற எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். பொது மேலாளர் முதல் வாசல் காவலாளி வரை அத்தனை பேரும் பழைய டைரக்டரி சர்வரிலிருந்து கிளம்பிப் புதியதில் போய் உட்கார்ந்தாயிற்று. பெயர், பிரிவு, தொலைபேசி எண், யாருக்குக் கீழே யார் என்ற விவரம், எல்லாம் பத்திரம். இனி ஒருவர் கதவில் அட்டையைக் காட்டினாலும், மெயிலைத் திறந்தாலும், ‘இவர் நம்ம ஆள்தானா?’ என்று அலுவலகம் இந்தப் புதுப் பெட்டியைத்தான் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கட்டடத்தில் ஈ காக்கை இல்லை. ஏசியின் இரைச்சலும், சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற அவரும்தான்.

அலுவலகத்தில் அவருக்கு ‘சர்வர்’ என்றே பெயர். “சர்வர், சூடா ரெண்டு டீ!” என்பது அங்கே புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவரும் தானே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்கிற ஜோக். அவரும் சலிக்காமல் சிரித்துவைப்பார்.

திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி நின்றது. ‘மேலதிகாரி: அப்படி ஒருவர் இல்லை.’

யாருடைய விவரம் என்று பார்த்தார். அவருடையதேதான்.

முதலில் சிரிப்பு வந்தது. எல்லாரையும் பஸ் ஏற்றிவிட்டு கண்டக்டர் ரோட்டில் நின்ற கதை.

காரணம் பெரிய விஷயமில்லை. அவருக்கு மேலதிகாரியாகப் பதிவாகியிருந்தவர் பழைய பிரிவுத் தலைவர். அவர் ஓய்வு பெற்றுப் போன அன்று சர்வரிலிருந்து அவர் பெயரை நீக்கியது இவரேதான். “உன் கையாலயே என்னைத் தூக்குறியேப்பா” என்று பக்கத்தில் நின்று கேலி செய்துவிட்டுத்தான் போனார் மனிதர். அதன் பிறகு அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. பழைய சர்வர் கண்டும் காணாமல் இருக்கிற ரகம். புதியது கறார். மேலதிகாரி என்று எழுதினால் அப்படி ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும்.

இத்தனை வருஷமாக, இல்லாத ஒருவருக்குக் கீழேதான் வேலை பார்த்திருக்கிறோம். வேலை தடங்கலில்லாமல் நடந்ததால் யாருக்கும் அது தெரியவில்லை. அவருக்கே தெரியவில்லை.

எச்.ஆர். மேடத்துக்குப் போன் போட்டார்.

“லீவு நாள்ல தொந்தரவு பண்றேன் மேடம், மன்னிச்சுக்கங்க. எனக்கு மேலதிகாரி யாரு?”

“என்ன சர்வர், விளையாடுறீங்களா?”

விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது.

“அட, ஆமால்ல! அப்ப இத்தன வருஷமா உங்க லீவுக்கு யாரு ஓகே சொன்னாங்க?”

“நான் லீவே போட்டதில்ல மேடம்.”

“உங்களுக்கெல்லாம் செலதான் வைக்கணும்.” மேடம் சிரித்தார். “ஆமா, குரல் என்ன இப்படிக் கட்டியிருக்கு? சளியா?”

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் அங்கே ஏதோ விழுந்து உடைந்தது. “ஏய், அதத் தொடாத! கால வைக்காத!” என்று மேடம் யாரையோ அதட்டினார்.

“ஆமா மேடம். சளிதான்.”

“இப்போதைக்கு யார் பேரையாவது போட்டு ஓட்டுங்க, சர்வர். மத்தத நாளைக்குப் பேசிக்கலாம்.”

போன் வைக்கப்பட்டது.

யார் பெயரை? திரையில் பெயர்களை மேலும் கீழும் உருட்டினார். எல்லாரையும் தெரியும். திங்கள் தவறாமல் பாஸ்வேர்டை மறக்கிறவர் யார், அட்டையை வீட்டில் விட்டுவிட்டுக் கதவுக்கு வெளியே முழிக்கிறவர் யார் என்பதெல்லாம் அத்துப்படி. ஆனால் ‘எனக்கு மேலே உங்களைப் போட்டுக்கொள்ளட்டுமா?’ என்று கேட்கிற அளவுக்கு ஒருவரும் பழக்கமில்லை.

கடைசியில் அந்த இடத்தில் தன் பெயரையே அடித்தார். சர்வருக்கு ஆட்சேபம் இல்லை. சிவப்பு எழுத்து மறைந்தது.

இனி சோதித்துப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. கதவு திறந்தது. மெயில் வந்தது. மிச்சம் இருந்தது விடுப்புப் பக்கம். விண்ணப்பிக்கிறவரின் மேலதிகாரி யார் என்று சர்வரிடம் கேட்டு, அது விண்ணப்பத்தை அந்த மேலதிகாரிக்கு அனுப்பிவைக்கும். சரியாகப் போகிறதா என்று தெரிய ஒருமுறை விண்ணப்பித்துத்தான் பார்க்க வேண்டும்.

தன் பெயரிலேயே திறந்தார். தேதி: நாளை. ஒரு நாள். காரணம்?

இந்த மாதிரி நேரத்தில் ‘சோதனை’ என்று அடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். இன்று விரல்கள் நின்றன. எதையோ அடித்தார். அழித்தார். மறுபடி அதையே அடித்து அனுப்பினார்.

அடுத்த நொடி அவர் மெயிலில் வந்து விழுந்தது: ‘உங்களுக்குக் கீழ் பணிபுரியும் ஊழியர் ஒருவர் விடுப்பு கேட்டிருக்கிறார்.’

திறந்து படித்தார்.

‘அம்மா வெள்ளிக்கிழமை தவறிவிட்டார். வீட்டில் வேறு யாரும் இல்லை.’

கீழே ஏற்கலாம், மறுக்கலாம் என்று இரண்டு பட்டன்கள். ஊழியருக்கு ஏதாவது சொல்வதென்றால் சொல்ல ஒரு சின்னக் கட்டம்.

ஒரு நாள் என்று இருந்ததை ஒரு வாரம் என்று மாற்றினார். கட்டத்தில் மெதுவாக அடித்தார்.

‘ஒரு நாள் எப்படிப்பா பத்தும்? வீட்டுக்குப் போ. இங்க நான் பாத்துக்கறேன்.’

‘ஏற்கலாம்’ பட்டனை அழுத்தினார். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்து, மேலதிகாரியின் பதிலைப் படித்தார்.

அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.