சாமான் தெரிஞ்ச பெடியன்

"ரெண்டு கையையும் மேலை தூக்கும். அசையக் கூடாது."

சபாரத்தினம் சொன்ன மாத்திரத்தில் ஜெரோசன் கைகளைத் தூக்கினான். நெற்றியில் வியர்வை அரும்பியது. டென்மார்க்கின் எஸ்பியர்க்கில் பெப்ரவரி மாதம் யாருக்கும் வியர்ப்பதில்லை.

"ம்... தோள் சரி. இடுப்புத்தான் கொஞ்சம் லூஸ்," என்று அவனுக்கு மாட்டியிருந்த பல பொக்கற் மேலங்கியை இழுத்துப் பார்த்தார். தான் போட்டால் பின்பக்கம் எப்படியென்று தனக்குத் தெரியாதாம். அதனால் தன் அளவில் இருந்தவனைப் பொம்மையாக்கி நிறுத்தியிருந்தார்.

மீன் தொழிற்சாலை வேலையில் ஓய்வு பெற்ற கையோடு சபாரத்தினம் ஒரு சுடும் சங்கத்தில் சேர்ந்திருந்தார். சனிக்கிழமை முதல் வகுப்பு. காட்டுவெளியில் மறைவுக்கு மறைவு ஓடி, குனிந்து, முழங்காலில் நின்று மட்டைக் குறிகளைச் சுட வேண்டும். துவக்கைச் சங்கம் தரும். மற்றச் சாமான் எல்லாம் அவரவர் பாடு.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்து இந்த நாட்டுக்கு ஓடி வந்த மனுசன், இப்ப காசு குடுத்துச் சுடப் போறார்," என்று மனைவி சுசீலாதேவி வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மகள் மேனுஜா சிரிக்கவில்லை. "எனக்குத் தெரிஞ்ச பெடியன் ஒருத்தர் இருக்கிறார் அப்பா. டெனிஷ் ஆமியிலை பயிற்சி எடுத்தவர். சாமான் எல்லாம் அவருக்குத் தெரியும்," என்றாள்.

அப்படித்தான் ஜெரோசன் தகப்பனோடும் மகளோடும் இந்த வேட்டைச் சாமான் கடைக்கு வந்து கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். அவன் ஆமியின் வாசலைக்கூட மிதித்ததில்லை. வேலை மருந்துக்கடையில்.

"சப்பாத்து எது நல்லம் தம்பி?"

"கணுக்கால் மூடினது அங்கிள். ஈர மண்ணிலை கால் பிரளாது. தடிச்ச கால்மேசு போட்டு அளவு பாருங்கோ."

"முழங்காலுக்கு?"

"உள்ளுக்கு மெத்தை வைச்ச களிசான். கல்லிலை முழங்கால் ஊண்டினாலும் நோகாது. ஆனா முதல் நாளே எல்லாத்தையும் வாங்கிக் குவிக்காதேங்கோ. பழகிப் பாத்து, எது தேவையோ அதை வாங்கலாம்."

சபாரத்தினத்துக்கு அந்தக் கடைசிப் பேச்சு பிடித்துவிட்டது. "சரி, காதுக்கு?"

ஜெரோசன் மேனுஜாவைப் பார்த்தான். மேனுஜா கூரையைப் பார்த்தாள். "காதுக்கு... எல்லாம் ஒண்டுதான் அங்கிள். மூடினால் சரி."

"அப்பிடியோ," என்று சபாரத்தினம் கடைக்காரப் பெண்ணிடம் போனார். அவள் இரண்டு காதுக்கவசங்களை மேசையில் வைத்து டெனிஷில் விளக்கினாள். "இந்த மலிவானது சும்மா அடைக்கும். இது வேட்டைக்காரர் கேட்டு வாங்குவது. வெடி காதைத் தாக்காது. ஆனால் மான் சருகில் கால் வைப்பதையும் தவறவிடக் கூடாது அல்லவா?" இளசுகள் இரண்டும் அதற்குள் சப்பாத்துத் தட்டுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டன.

சபாரத்தினம் விலை கூடியதை எடுத்துத் தலையில் மாட்டினார். "பிள்ளை, ஒண்டுமே கேக்கேல்லை!" என்று கடை அதிரக் கத்தினார். பிறகு அதன் பக்கத்திலிருந்த குமிழைத் திருகியபடி, தலைவிளக்குகள் தொங்கிய பக்கம் நடந்தார்.

வீட்டில் இரகசியம் என்றால் மேனுஜா டெனிஷுக்கு மாறிவிடுவாள், தகப்பனின் முப்பது வருட டெனிஷை வசதியாக மறந்து. இங்கே டெனிஷ் பேசினால் கடைக்காரிக்கு விளங்கும். தமிழ் விளங்குகிற ஒரே ஆளுக்குக் காது மூடியிருந்தது. அதனால் தமிழிலேயே குசுகுசுத்தாள்.

"காதுக்கு எல்லாம் ஒண்டுதானோ? நல்ல ஆமிக்காரன் நீர்!"

"ராத்திரிப் பாத்த வீடியோவிலை காது வரேல்லை. முழங்காலோடை நித்திரையாப் போனன்."

"பகிடி விடாதையும். ஞாயிற்றுக்கிழமை லண்டன் மாப்பிள்ளை வீட்டார் வருகினம். அதுக்கு முதல் எங்கடை விசயத்தை அப்பாவிட்டைச் சொல்லோணும். நீர் சேர்ச்சுக்குப் போற ஆள் எண்டு தெரிஞ்சால் என்ன சொல்லுவாரோ தெரியேல்லை. மாட்டன் எண்டால் கொம்யூன் கந்தோரிலை போய்க் கலியாணத்தை எழுதுவம், சரியோ?"

"இல்லை, மேனு. அவர் ஓமெண்டு சொல்லோணும். ஒரு சோடி சப்பாத்துக்குச் சொன்ன பொய்யே எனக்குச் செமிக்கேல்லை. வெளியிலை போன உடனை ஆமிக் கதை பொய்யெண்டு நானே சொல்லப் போறன்."

"அந்தாள் துவக்குப் பிடிச்சுப் பழக முதல் சொல்லும்."

அங்கே சபாரத்தினம் ஒரு தலைவிளக்கை எடுத்தார், வைத்தார், அதையே திரும்பவும் எடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் காதுக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. "இதைத்தான் எடுக்கப் போறன். தம்பி, ஒருக்கா நீரும் போட்டுப் பாரும்," என்று அவன் தலையில் மாட்டி, தன் கையாலேயே குமிழையும் திருகிவிட்டார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடையின் மற்றக் கோடிக்கு நடந்தார்.

ஜெரோசனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு, தூரத்தில் கடைக்காரப் பெண் கடதாசி மடிப்பது அவன் காதுக்குள் சரசரத்தது. மேனுஜாவின் காப்பு கோயில் மணியாகக் கிலுங்கியது. அவன் சப்பாத்துத் தட்டிலிருந்து தலைவிளக்குகள் வரையுள்ள தூரத்தைக் கண்ணால் அளந்தான்.

அந்தக் கோடியில், கூடாரங்களுக்கு நடுவே முதுகைக் காட்டி நின்ற சபாரத்தினம், பக்கத்தில் நின்றாலும் கேளாத குரலில் முணுமுணுத்தார்.

"லண்டனுக்கு நான் சொல்லுறன்; நீர் மிச்ச வீடியோவைப் பாரும், மருமோன்."