அட்டையின் பின்பக்கம்
சன்னல் கண்ணாடியில் பனி உருகி வழிகிறது. சமையலறை மேசையில் சொல்லட்டைகள் இறைந்து கிடக்கின்றன. முன்பக்கம் ஆங்கிலம், பின்பக்கம் போலிஷ். ஆங்கிலேய மருமகளோடு நாலு வார்த்தை பேசவென்று மாமியார் போகுமிலா வாங்கியவை. இன்று அவள் அவற்றைத் தொடவில்லை. தங்கை யோலாந்தா வைத்த பீட்ரூட் சூப்பும் ஆறிப்போய்விட்டது. இங்கிலாந்தில், லீட்ஸ் ஆஸ்பத்திரியில் மகன் விட்டோல்ட் நினைவில்லாமல் கிடக்கிறான். நேற்றுப் போனில் மருமகள் அழுதுகொண்டே நீளமாகப் பேசியதில் இவளுக்குப் பிடிபட்டது கொஞ்சம்தான்: கண் விழிப்பான், ‘ஈவென்சுவலி’. போலிஷில் ‘எவென்துவால்னியே’ என்றால் ‘ஒருவேளை’. அந்த ஒருவேளையை இரவெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டாள்.

“ஒரு வாயாவது குடிக்கா. நீ பட்டினி கெடந்தா அவன் எந்திரிச்சிருவானா?”

“ஒருவேளைன்னுட்டாளேடி. டாக்டர் கைய விரிச்சிட்டார்னுதானே அர்த்தம்?”

“அவ சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லு.”

போகுமிலா சொல்கிறாள். யோலாந்தாவின் விரல்கள் அட்டைகளுக்குள் அலைந்து ஒன்றில் நிற்கின்றன.

“அட போக்கா! காதுல விழுந்ததெல்லாம் நம்ம பாஷையா? இந்தா, பின்னால பாரு: ‘கடைசியில்’. ஒருவேளை இல்ல. முழிச்சிருவான், நாளாகும், அவ்வளவுதான்.”

போகுமிலா அட்டையைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, உதடு அசையப் படிக்கிறாள். கரண்டியை எடுக்கிறாள். சூப்பில் அமிழ்த்தியவள் அப்படியே நிறுத்துகிறாள்.

“கடைசியிலன்னா எப்போன்னு போட்டிருக்கா?”

யோலாந்தா அட்டையை வாங்கித் திருப்பிப் பார்க்கிறாள். மறுபடியும் திருப்பிப் பார்க்கிறாள்.