தயிர் ஆணா, பெண்ணா

தில்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸின் பின்முற்றத்தில் விரித்த பாயின் பாதிவரை ஜனவரி வெயில் வந்திருக்கிறது. வெயிலில் உட்கார்ந்து கோமதி பட்டாணி உரிக்கிறாள். நிழலில் அவள் மகள் செண்பகமும், அவளுக்கு ஹிந்தி சொல்லிக்கொடுக்க வரும் பதினொன்றாம் வகுப்பு அம்சவேணியும். திருநெல்வேலியிலிருந்து புதிதாக வந்த குழந்தைக்கு இன்னும் அந்த பாஷை நாக்கில் உட்காரவில்லை. "தயிர் புளிக்குங்கதுக்கு 'தஹி கட்டீ ஹை'ன்னு சொல்லிருக்கா. கிளாஸே சிரிச்சிருக்கு. டீச்சர் பெஞ்சு மேல ஏத்தி நிறுத்திட்டாவளாம்" என்கிறாள் கோமதி. "ஹிந்தியில தயிர் ஆம்பளையாமே, 'கட்டா'ன்னுதான் சொல்லணுமாம். ஏட்டி, அக்கா உனக்குப் படிச்சுப் படிச்சுச் சொல்லலையா?" அம்சவேணிக்குக் காது சுடுகிறது. 'கட்டீ' என்று சொல்லிக்கொடுத்து, திரும்பத் திரும்பச் சொல்லவும் வைத்தவள் அவள்தான். வாயைத் திறக்கிறாள், பிறகு ஸ்வெட்டரின் கைநுனியை விரல்வரை இழுத்து விட்டுக்கொள்கிறாள். செண்பகம் அந்த முகத்தையே பார்க்கிறாள். "அக்கா சரியாத்தாம்மா சொன்னா. நாந்தான் மறந்துட்டேன்." கோமதி எட்டி மகளின் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைக்கிறாள். "அறிவு கெட்ட மூதி." பிறகு அம்சவேணியிடம், "நீ காப்பியக் குடிம்மா, ஆறிரப் போவுது." அம்சவேணி குடிக்கிறாள். பட்டாணித் தட்டோடு கோமதி உள்ளே போகும்வரை காத்திருந்து, "கட்டா. தஹி கட்டா ஹை" என்கிறாள், குரலைத் தணித்து. தலையைத் தடவியபடி, சமையலறைப் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டு, குழந்தையும் அதே தணிந்த குரலில் திருப்பிச் சொல்கிறாள்.