மூணு மணி மயக்கம்

“இன்னொரு தடவை தூங்கி விழுந்தா வேலை போச்சு” என்று முதலாளி சொல்லிவிட்டதால், தையல் கம்பெனி மேஸ்திரி டாக்டரிடம் ஓடினார்.

“மூணு மணியானா கண்ணு சொக்குது டாக்டர். சோத்தைக் குறைச்சேன், காப்பியைக் கூட்டினேன். மூஞ்சி கழுவிக் கழுவித் தோலே தேஞ்சு போச்சு.”

“ராத்திரித் தூக்கம்?”

“அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறேன்.”

“எப்பலேருந்து இப்படி?”

“மேஸ்திரியான நாள்லேருந்து. பொறுப்பு கூடிப் போச்சுல்ல!”

“மத்தவங்க?”

“நாப்பது பேரும் மிஷின் மேலயே சாயுறாங்க.”

டாக்டர் பேனாவை மூடினார். “அப்ப வியாதி உங்களுக்கில்ல, அந்த ரூமுக்கு. காத்தே வரல போல. முதலாளிகிட்டச் சொல்லி ஜன்னலைத் திறங்க.”

“வேற மாத்திரை எதுவும் இல்லையா டாக்டர்?” என்றார் மேஸ்திரி. தையல்காரராக இருந்த அவரை மேஸ்திரி ஆக்கியதே, போன மாதம் அவர் முதலாளியிடம் சொன்ன ஒரு யோசனைதான்.

“எல்லாரும் வெளிய வேடிக்கை பாக்குறாங்க முதலாளி. ஜன்னலுக்கெல்லாம் ஆணி அடிச்சிடலாம்.”