வேற ஹார்ன் வேண்டாம்

"ஹார்ன் செத்துப்போச்சு டிரைவரண்ணே. வேற போட்டுடலாம்" என்றார் பட்டறை ஃபிட்டர் டான்சோ. காரின் பானெட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

டாக்ஸி டிரைவர் ஒபிரிக்குச் சுருக்கென்றது. குமாசி நகரத்தில் பழைய கார் வைத்திருப்பவனுக்கு ஃபிட்டர்தான் கதி. அந்த ஃபிட்டரே மொட்டை அடிக்கப் பார்த்தால் எங்கே போய்ச் சொல்வது?

"போன வாரமும் இதுக்குத்தானே வந்தேன்? ஒயர் கழண்டிருக்குன்னு சொருகி விட்டீங்க. நல்லா அடிச்சுதே."

"அப்ப அடிச்சுது. இப்ப செத்துப்போச்சு."

"ஃபியூஸாவது பாருங்க மாஸ்டர்."

"ஃபியூஸெல்லாம் நல்லாத்தான் இருக்கும்."

"பார்க்காமலே சொல்றீங்களே, ஜோசியமா?"

பக்கத்தில் டயருக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த இசிஃபுவுக்கு இந்த மாதிரி சண்டை என்றால் கொள்ளைப் பிரியம். "விடாதே ஒபிரி. ஹார்னைக் கழட்டி பேட்டரியில நேரா கொடுத்துப் பாரு. குட்டு வெளிப்பட்டுடும்."

ஒபிரியே பானெட்டைத் திறந்தார். ஃபியூஸ் நன்றாகத்தான் இருந்தது. ஹார்னைக் கழற்றி, இரண்டு ஒயரை பேட்டரியில் வைத்தார்.

அடேயப்பா, என்ன சத்தம்! எதிரே வாழைக்காய் சுட்டுக்கொண்டிருந்த பெண் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

"செத்தவன் இப்படிக் கத்துவானா மாஸ்டர்?" என்று இசிஃபு கேட்க, கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"உன்னை நம்பித்தானே இத்தனை வருஷமா வண்டியை விட்டேன்? திருட்டுப் பொழைப்பு பொழைக்கிறியே" என்றார் ஒபிரி. வேன் ஒன்றைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்தவர் அதைக் கேட்டுவிட்டு, அடுத்த பட்டறைக்கு வண்டியைத் திருப்பினார்.

டான்சோ கையைத் துடைத்தார்.

"காசே வேண்டாம். சும்மாவே வேற ஹார்ன் போட்டுத் தர்றேன். இந்தப் பழசை மட்டும் எங்கிட்ட குடுத்துடுங்க."

"ஓ, நல்லதை நீ வச்சுக்கிட்டு ஓட்டையை என் தலையில கட்டலாம்னு பார்க்கிறியா? இதைத் தரமாட்டேன். வேற எது வேணும்னாலும் எடுத்துக்க, இதைத் தரமாட்டேன்."

ஒபிரி ஹார்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"என் பொண்ணு அகோசுவா, தெருவுல எத்தனை டாக்ஸி போனாலும் இந்தச் சத்தத்தைக் கண்டுபிடிச்சுடுவா. செருப்புகூடப் போடாம ஓடிவந்து கேட்டைத் திறப்பா. மழைக்காலத்துக் காய்ச்சல்ல போயிட்டா. இப்ப நானே இறங்கித்தான் திறந்துக்கிறேன். இருந்தாலும் வாசலுக்கு வந்ததும் ஒரு தடவை அடிச்சிடுவேன். அடிச்சாத்தான் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு. அவ ஞாபகமா எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான்."

இசிஃபு டயரை விட்டுவிட்டு எழுந்தான்.

"இவன்கிட்டயா மாஸ்டர் உன் கைவரிசையைக் காட்டினே? நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்றான் இசிஃபு.

 டான்சோ ஒபிரியின் தோளில் கைபோட்டு, காருக்குப் பின்னால் தனியாக அழைத்துப் போனார்.

"அண்ணே, அந்த ஒயர் போன வாரமும் தானா கழண்டதில்ல, இந்த வாரமும் தானா கழண்டதில்ல. பிடுங்கியிருக்கு."

"எந்தப் பாவி பிடுங்கினான்?"

டான்சோ தலையைக் குனிந்துகொண்டார். "சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். ஆனா இனிமே மறைக்க முடியல. உங்க வீட்டம்மாதான்."

ஒபிரி கையிலிருந்த ஹார்னைத் திருப்பிப் பார்த்தார்.

"நேத்து இங்க வந்து அழுதாங்க. 'அவர்கிட்ட எந்த வாயால சொல்வேன், அந்தச் சத்தத்துலதான் அவர் உசிரே இருக்கு. நீங்களே கெட்டுப்போச்சுன்னு சொல்லி வேற ஹார்ன் மாட்டிடுங்க மாஸ்டர்'னு கையெடுத்துக் கும்பிட்டாங்க."

"ஏன்? அவளுக்கு இந்த ஹார்ன் என்ன கெடுதல் பண்ணுச்சு?"

"சாயங்காலம் நீங்க வாசல்ல அடிக்கிறப்போ அவங்க அடுப்படியில இருக்காங்க. சத்தம் கேட்டதும் அவங்க வாய் தன்னால, 'அகோசுவா, அப்பா வந்தாச்சு, ஓடிப்போய்க் கேட்டைத் திற'ன்னு கூப்பிட்டுடுதாம். கூப்பிட்ட பிறகுதான் புள்ள இல்லைங்கிற நினைப்பே வருதாம் அண்ணே."