தாழ்ப்பாளைக் காட்டு

வாசலில் நின்ற தடியன் அவளிடம் மட்டும் அடையாள அட்டை கேட்கவில்லை.

முன்னால் நின்ற ஆறு பேரிடமும் வாங்கி, டார்ச் அடித்து, அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் முறை வந்ததும் சிரித்துக்கொண்டே உள்ளே போகச் சொல்லிக் கையை ஆட்டினான்.

அவளுக்குச் சுருக்கென்றது. பல்கலைக்கழக அட்டையை எடுத்து அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். நானும் மாணவிதான், நல்லாப் பார்த்துக்கொள்!

பார்த்தான். மணிக்கட்டில் முத்திரை குத்தி அனுப்பினான்.

உள்ளே போனால், அடேயப்பா! ஏதோ பழைய கிடங்கு. தூணெல்லாம் நீல வெளிச்சம். சத்தம் காதுக்கு வரும் முன்பே நெஞ்சுக்கூட்டுக்கு வந்துவிட்டது. நல்லவேளை, கைப்பையில் பஞ்சு இருந்தது. இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டாள்.

மேடையில் பாடுகிறவரும் இல்லை, வாசிக்கிறவரும் இல்லை. நீளமாக ஒரு மேசை, அது நிறையத் திருகுகள், மினுக் மினுக்கென்று குட்டி விளக்குகள். பன்னிரண்டு மணிக்கு அந்த மேசைக்குப் பின்னால் வந்து நிற்கப்போகிறவள், லேபில் இவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற பெண். பகலெல்லாம் வாயே திறக்காமல் மண் மாதிரிகளை எடைபோடுவாள். இவள் மனசுக்குள் அவளுக்குப் பூனை என்று பெயர்.

தெரிந்த முகம் ஒன்று முன்னால் நின்றால்தான் கை நடுங்காது என்று சொல்லி டிக்கெட்டைக் கையில் திணித்தது அந்தப் பூனைதான். கடைசிவரை நிற்கிறேன் என்று இவளும் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

கொடுக்கும்போது பன்னிரண்டரை மணி ஞாபகம் வரவில்லை.

பன்னிரண்டரைக்குக் கலெக்டர் வீடியோ காலில் வருவான்.

நிஜக் கலெக்டர் இல்லை. வேலை இன்சூரன்ஸ் ஆபீஸில். கேள்வி கேட்கிற தோரணைக்காக வீட்டில் வைத்த பட்டப்பெயர். "உன்ன நம்பித்தான் அனுப்புறேன்" என்று விமான நிலையத்தில் சொன்ன மகராசன். அனுப்புகிறானாமே! பரீட்சை எழுதி இடம் பிடித்தவள் இவள், உதவித்தொகைக்கு அலைந்தவள் இவள்.

ஊரில் அவன் ராத்திரிச் சாப்பாடு முடித்துக் கை கழுவும்போது இங்கே பன்னிரண்டரை. ஏழு மாதமாக ஒருநாள்கூடத் தவறியதில்லை. தூக்கம் சொக்கினாலும் உட்கார்ந்திருந்து, போனைச் சுற்றி விடுதி அறையைக் காட்ட வேண்டும். கட்டில், மேசை, அலமாரி, கடைசியில் கதவு.

"தாழ்ப்பாளைக் காட்டு."

காட்டுவாள். அப்புறம்தான் துரைக்குத் தூக்கம் வரும்.

ஒருநாள் அசந்து தூங்கிவிட்டாள். அவன் நேராக வார்டனுக்கே போன் போட்டுவிட்டான். வார்டன் வந்து கதவை இடித்த இடியில் வராந்தா முழுக்கத் தலைகள் எட்டிப் பார்த்தன. ஒரு வாரம் பொதுச் சமையலறைப் பக்கமே அவள் போகவில்லை. அவ்வளவு மானக்கேடு.

இன்றைக்கும் எடுக்காவிட்டால் அதே கூத்துதான். விடுதி இங்கிருந்து இருபது நிமிட நடை. ஓடினால் போய்விடலாம்.

கால் தானாக வாசல் பக்கம் திரும்பியது. வெளியே போவதென்றால் வீட்டில் யாரையாவது கேட்டே பழகிய கால். கேட்க வேண்டிய ஆள்தான் மாறிக்கொண்டே வந்தார், கேட்கிறவள் மட்டும் மாறவே இல்லை.

பூனை மேடைக்கு வந்தது. முகம் வெளுத்திருந்தது. கண்கள் கூட்டத்தில் அலைந்தன.

அவள் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். பூனை பார்த்துவிட்டது. சிரித்தது. ஒரு திருகைத் திருப்பியது.

அய்யோ, அந்த முதல் அதிர்வு! உள்ளங்காலில் ஏறி உச்சந்தலையில் போய் முட்டியது.

"போக மாட்டேன்!" என்று கத்தினாள். பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் பலமாகத் தலையாட்டினாள்.

ஆடத் தெரியாதுதான். இங்கே எவனுக்குத் தெரிகிறது? குதித்தாள். இஷ்டத்துக்குக் குதித்தாள்.

சரியாகப் பன்னிரண்டரைக்குக் கையிலிருந்த போன் நடுங்கியது.

பொய்கள் வரிசைகட்டி வந்து நின்றன. லைப்ரரியில் இருந்தேன். சார்ஜ் தீர்ந்துபோச்சு. தலைவலி, படுத்துட்டேன். எதற்கு? யார் வீட்டுக் கதவை உடைத்துவிட்டாள்?

பச்சையை அழுத்தினாள்.

தினமும் அறையைக் காட்டுவதுபோலவே நிதானமாகச் சுற்றிக் காட்டினாள். வெளிச்சம், கூட்டம், மேடை, பூனை. கடைசியில் கதவு. இரண்டு ஆள் உயர இரும்புக் கதவு, இரண்டு பக்கமும் விரியத் திறந்து கிடந்தது.

பிறகு தன் முகத்தைக் காட்டினாள். வியர்வையும் கலைந்த முடியுமாக.

திரையில் அவன் வாய் அசைந்தது. இந்தச் சத்தத்தில் என்ன கேட்கும்? ஆனால் அந்த ஒரு சொல்லுக்குக் காது வேண்டியிருக்கவில்லை. உதடுகள் ஒட்டிப் பிரிந்ததிலேயே தெரிந்துவிட்டது. பத்து மாதக் குழந்தையாக அவள் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு அவன் முதன்முதலில் சொன்ன சொல்.

"அம்மா."

அழைப்பைத் துண்டித்தாள். ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதி அனுப்பினாள்.

"நீ காலேஜ் ஹாஸ்டல்ல இருந்த நாலு வருஷமும் தினம் தாழ்ப்பாளைக் காட்டச் சொன்னவ நான்தான். தப்புடா கண்ணா. ரெண்டு பேரும் இதோட விட்டுருவோம். வார்டனுக்குப் போன் போடாத, பாவம் அந்தம்மா தூங்கட்டும்."

போனை அணைத்துக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

பூனை மேசைக்குப் பின்னாலிருந்து அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கிக் கீழே போட்டாள்.