பயப்படாதேம்மா

விமான இறக்கையில் விரிசல் எப்படி விழுகிறது என்பதுதான் ஆராய்ச்சி. முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு பத்து மணிக்கு. ஆராய்ச்சி மாணவிக்கோ காலையிலிருந்து கைகால் உதறல். அந்த உதறலுக்கு எந்த விமானமாக இருந்தாலும் இறக்கை பிய்த்துக்கொண்டு போயிருக்கும்.

"பயப்படாதேம்மா. ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுக் கிளம்பு."

"தொண்டையில இறங்கல. போன தடவை மாதிரி இன்னிக்கும் திருப்பி அனுப்பிட்டா, அப்புறம் வாய்ப்பே கிடையாது."

காரில் போகும்போதும் அறிவுரை ஓயவில்லை.

"அந்தத் தேர்வாளர் என்ன புலியா? கண்ணைப் பார்த்துப் பேசு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடு. நான் வெளியிலதான் இருப்பேன்."

அந்தத் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாலே நாலு பேர் ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஊரைக் காலி செய்துவிடுவார்கள் என்று பல்கலைக்கழகத்தில் பேச்சு. அன்று அவர் கண்ணாடியே தேய்ந்துபோகும் அளவுக்குத் துடைத்தார். அவள் அசரவில்லை. கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னாள். கடைசியில் அவரே எழுந்து வந்து கைகொடுத்தார்.

"வாழ்த்துகள், டாக்டர்."

வெளியே நகத்தைக் கடித்தபடி காத்திருந்தவர் ஓடி வந்தார்.

"என்னம்மா ஆச்சு? ரொம்பக் குடைஞ்சிட்டாரா?"

"கேட்டார், சொன்னேன், குடுத்துட்டார். இந்த ஆளுக்குப் பயந்துதானேடா நீ ஆறு வருஷமா ஆராய்ச்சி முடியல, முடியலன்னு இழுத்துக்கிட்டே இருக்க? உன்னைப் பெத்தவ, நானே முடிச்சிட்டேன். உள்ளதான் இருக்கார், வா, உனக்கும் ஒரு தேதி வாங்கிட்டுப் போயிடலாம்."